ஸ்டென்ட் எத்தனை வருஷம் தாங்கும் என்று கேட்டாயே

பாபு,

முந்தாநாள் மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது நீ என்னிடம் ஒரு கேள்வி கேட்டாய். ரசம் ஊற்றிப் பிசைந்த சோற்றை வாய்வரை கொண்டுபோய் நிறுத்திவிட்டு, தட்டைப் பார்த்தபடியே கேட்டாய். "இந்த ஸ்டென்ட்டு எத்தினி வருஷம் நைனா தாங்கும்?" நான், "மொதல்ல சாப்டு, ஆறிடப்போவுது" என்றேன். உன் அம்மா அப்பளம் எடுக்கப் போகிறவள்போல எழுந்து உள்ளே போனாள். அப்பளம் எங்கள் எதிரிலேயே இருந்தது. குழந்தை யாழினிக்கு ஊட்டிக்கொண்டிருந்த மருமகள் சுமதி கையை நிறுத்திவிட்டு என் வாயையே பார்த்தாள். அத்தனை வருஷம் பஸ் ஓட்டியவன், படிக்கட்டில் தொங்கியவர்களுக்கும் ஹாரன் அடித்துத் திட்டியவர்களுக்கும் சுடச்சுடப் பதில் கொடுத்தவன், அன்று மோரைக் குடித்துவிட்டுக் கை கழுவ எழுந்து போய்விட்டேன்.

பதில் எனக்குத் தெரியும். ஸ்டென்ட் என்கிற அந்தக் கம்பிவலைக் குழாய் என் நெஞ்சுக்குள்ளும் இருக்கிறது, நீ காலேஜில் படித்த காலத்திலிருந்து. ஆனால் நேரில் சொல்ல ஆரம்பித்தால் என் குரல் எங்கே உடையும் என்று எனக்கே தெரியவில்லை. நாம் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து இப்படிப் பேசிப் பழகியதும் இல்லை. அதனால் எழுதுகிறேன். நேற்று நடந்ததும் இதில் சேர்ந்துகொண்டது. அதையும் எழுதினால்தான் எனக்கு மனசு ஆறும்.

போன மாதம் அந்த ஞாயிற்றுக்கிழமை நடந்ததில் பாதி உனக்கு ஞாபகம் இல்லை என்று சொன்னாய். நான் சொல்கிறேன். வெள்ளானூர் பக்கம் மேட்ச் ஆடிவிட்டு நீ காலையிலேயே திரும்பி வந்துவிட்டாய். வழக்கமாக மத்தியானம் ஆகும். ஷூவைக்கூடக் கழற்றாமல் சோபாவில் சாய்ந்து, இடது தோளைப் பிடித்து விடச் சொன்னாய். சுமதி தைலம் தேய்த்தாள். உன் அம்மா வந்து பார்த்துவிட்டு, "இன்னாடா இப்டி வேத்து ஊத்துது, ஃபேனு ஓடிகினுதான கீது?" என்றாள். நீ சிரித்தாய். "பவுலிங் போட்டதுல புடிச்சுகினு கீதும்மா. ஒன்னும் இல்ல, செத்த நேரம் படுத்தா சரியாயிடும்." நான் பேப்பரைக் கீழே வைத்துவிட்டு உன் நெற்றியைத் தொட்டேன். சில்லென்று இருந்தது. வெயிலில் ஓடி வந்தவனுடைய வேர்வை அப்படி இருக்காது. அந்த வேர்வையை நான் ஒரு தடவை என் நெற்றியில் தொட்டுப் பார்த்திருக்கிறேன், பாபு.

"எந்திரி, ஆட்டோ வருது" என்றேன். உனக்குக் கோபம். "நைனா, உனுக்கு வந்துச்சுன்னு எல்லாருக்கும் வரும்னு நென்ச்சுகினு கீறியா? எனுக்கு இன்னா வயசு?" உன் அக்குளுக்கு அடியில் கையைக் கொடுத்துத் தூக்கினேன். ஆட்டோவில் போகும்போதே உன் பேச்சு குழறியது. பூந்தமல்லி மெயின்ரோட்டில் அன்று ஏதோ ஊர்வலம், வண்டிகள் நின்றுகொண்டிருந்தன. நான் இறங்கி நடுரோட்டில் நின்று, பஸ் டிரைவர் குரலில் கத்தி வழி வாங்கினேன். ஆஸ்பத்திரியில் ஈ.சி.ஜி. காகிதத்தைப் பார்த்த பையன் அதை எடுத்துக்கொண்டு உள்ளே ஓடினான். சுமதியைக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். அவள் பேனாவைக் காகிதத்தில் வைத்து அப்படியே நின்றாள். உன் அம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள், பேனாவைச் சுமதிதான் ஓட்டினாள்.

எல்லாம் முடிந்த பிறகு டாக்டரம்மா என்னையும் சுமதியையும் கூப்பிட்டு கம்ப்யூட்டரில் காட்டினார். நீ அதைப் பார்க்கவில்லை. ஓடுகிற படம் அது. உன் இதயத்தின் முன்பக்கம் இறங்கும் ரத்தக்குழாயில், படத்தில் தெரிவதற்காக ஏற்றிய மருந்து பாய்கிறது, கருப்பாகத் தெரிகிறது, ஓரிடத்தில் வந்ததும் நின்றுவிடுகிறது. அதற்குக் கீழே ஒன்றுமே இல்லை, வெறும் சாம்பல் நிறம். சுமதி வாயைப் பொத்திக்கொண்டாள். அடுத்த படத்தில் உன் மணிக்கட்டு வழியாக உள்ளே போன ஒரு மெல்லிய கம்பி அந்த அடைப்பைத் தாண்டுகிறது. அந்தக் கம்பியின்மேல் ஒரு சின்ன பலூன், பலூனைச் சுற்றி இறுக்கிப் பொருத்திய ஸ்டென்ட். பலூனை ஊதியதும் ஸ்டென்ட் விரிந்து, அடைத்துக்கொண்டிருந்த கொழுப்பைச் சுவரோடு சுவராக அழுத்திவிடுகிறது. பிறகு பலூனைச் சுருக்கி வெளியே எடுத்துவிடுகிறார்கள். ஸ்டென்ட் மட்டும் அங்கேயே நிற்கிறது. கடைசிப் படத்தில் மருந்து தடையில்லாமல் கீழேவரை பாய்ந்து, நுனி நுனியாகக் கிளை பிரிந்தது. ஒரு மரம் இலை விட்டமாதிரி இருந்தது. நான் அந்த அறையில் அழவில்லை. வெளியே வந்து தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

எனக்கு ஸ்டென்ட் வைத்தபோது இந்தப் படமெல்லாம் எனக்கு யாரும் காட்டவில்லை, நானும் கேட்கவில்லை. ஆவடி டெப்போவில் காலையில் வண்டி எடுக்கப் போகும் நேரத்தில் நெஞ்சுவலி வந்தது எனக்கு. சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டேன், சாவியைத் திருப்பவில்லை. திருப்பியிருந்தால் வண்டியில் ஏறியவர்கள் கதி என்ன என்று இன்றைக்கும் நினைத்துப்பார்ப்பேன். அன்று எனக்கு வைத்தது வெறும் இரும்பு மாதிரி, மருந்துப் பூச்சு இல்லாத பழைய வகை. கம்பிகள் தடிமன். சில மாதம் நன்றாக இருந்தேன். பிறகு ஆவடி ஸ்டேஷன் மேம்பாலப் படியில் ஏறும்போது பாதியில் நின்று கைப்பிடியைப் பிடிக்கவேண்டி வந்தது. மறுபடி பார்த்ததில், ஸ்டென்ட்டுக்கு உள்ளேயே சதை வளர்ந்து பாதி மூடியிருந்தது. காயம் ஆறும்போது தழும்பு தடித்துப்போகுமே, அதுபோல. அதனால் பழையதற்கு உள்ளேயே இன்னொன்றை வைத்தார்கள். அது மருந்து பூசியது. அந்த மருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து, தழும்பு அளவுக்குமேல் தடிக்காமல் பார்த்துக்கொள்கிறது. அன்றிலிருந்து இன்றுவரை எனக்கு அந்த இடத்தில் தொந்தரவு இல்லை. உனக்கு முதலிலேயே அந்த வகைதான் வைத்திருக்கிறார்கள், அதிலும் இப்போது வந்திருப்பது. கம்பி ஒவ்வொன்றும் தலைமுடி அளவுதான் என்றார் டாக்டரம்மா. வளைந்த குழாயில் வளைந்து உட்காரும். நான் அனுபவித்த அந்த இரண்டாவது சுற்று உனக்கு வரக்கூடிய வாய்ப்பு ரொம்பக் குறைவு. இதை நான் உனக்கு ஆறுதலுக்காகச் சொல்லவில்லை.

ஆனால் ஸ்டென்ட் வைத்த நெஞ்சோடு வீட்டுக்கு வந்து படுப்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். என்னைப் பஸ் ஓட்டக் கூடாது என்று சொல்லி டைம் கீப்பர் வேலை கொடுத்தார்கள். ஒரு மேசை, ஒரு நாற்காலி. எல்லா வண்டியும் என் எதிரில் கிளம்பிப் போகும், நான் நேரம் எழுதுவேன். வீட்டுக்கு வந்தால் யாரிடமும் பேசமாட்டேன். இடது பக்கம் திரும்பிப் படுத்தால் ஸ்டென்ட் நசுங்கிவிடும் என்று நம்பிக்கொண்டு மல்லாந்தே படுத்துக்கிடந்தேன். உனக்கு இது ஞாபகம் இருக்கிறதா? மத்தியானத்தில் நான் படுத்திருக்கும்போது நீ ஃபேன் ஸ்விட்சைத் தட்ட வருவதுபோல வருவாய். ஃபேன் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும். நின்று என் மார்பு ஏறி இறங்குவதைப் பார்த்துவிட்டுப் போவாய். நான் தூங்கவில்லை பாபு. கண்ணை மூடிக்கொண்டு, நீ பார்ப்பதற்காகக் கொஞ்சம் பலமாகவே மூச்சு விடுவேன்.

அதிலிருந்து என்னை எழுப்பியவள் உன் அம்மா. ஒருநாள் பெரிய பையைக் கொண்டுவந்து என் கையில் திணித்தாள். "மார்க்கெட்டுக்குப் போணும், பையப் புடி." என்னால் எடை தூக்க முடியாது என்றேன். "ரெண்டு கிலோ தக்காளி தூக்கனா நெஞ்சு ஒடஞ்சிடுமா? டாக்டரு நடக்கச் சொன்னாரா இல்லியா?" என்றாள். நான் ஸ்டியரிங் பிடிக்காதவன், இனி என்னால் என்ன பிரயோஜனம் என்று ஏதோ முனகினேன். அவள் செருப்பை மாட்டிக்கொண்டே, "ஸ்டியரிங் புடிக்கலன்னா நீ எம் ஊட்டுக்காரன் இல்லன்னு ஆயிடுமா? நட" என்றாள். நடந்தேன். இத்தனை வருஷமாக நடந்துகொண்டிருக்கிறேன்.

நேற்று காலை சுமதி என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். நீ குளித்துக்கொண்டிருந்தாய். "மாமா, சொன்னேன்னு அவரு கிட்ட சொல்லாதீங்க. ரத்தம் ஒறயாம இருக்கக் குட்த்த அந்த ரெண்டாவது மாத்திர அட்டயிலயே கீது மாமா. முந்தாநேத்துலருந்து போடல" என்றாள். முகம் வெளுத்திருந்தது. அட்டையை எடுத்து எண்ணிப் பார்த்தேன். நீ வெளியே வந்ததும் கேட்டேன். நீ மறைக்கவில்லை. "பல்லு வெளக்கனா ரத்தமா வருது நைனா. கையப் பாரு, லேசா இடிச்சா நீலமாவுது. போன்ல படிச்சேன், மூளையிலகூட ரத்தம் கசியுமாம். எப்டியும் எத்தினி நாளு கீறேனோ, அதுக்கு இதுவேற எதுக்கு?" என்றாய். நான் உன்னை அறைந்துவிடுவேனோ என்று பயந்தேன். கல்யாணமாகிக் குழந்தை பெற்றவனை. "சட்ட போடு" என்று மட்டும் சொன்னேன். நீ போட்டுக்கொண்டாய். காட்டிக்கொடுத்தது சுமதிதான் என்று இப்போது உனக்குத் தெரிந்துவிட்டது. அவள்மேல் கோபப்படாதே. அவள் சொல்லாமல் இருந்திருந்தால் இந்தக் கடிதத்தைப் படிக்க நீ இருந்திருப்பாயோ என்னவோ.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா முதலில் ஈ.சி.ஜி. எடுக்கச் சொன்னார். காகிதத்தைப் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டபிறகுதான் திட்டினார். "யாரைக் கேட்டு நிறுத்தினீங்க? ஒரு போன் பண்ணியிருக்கக் கூடாதா?" அவர் முன்னாலேயே மாத்திரையைப் போடவைத்தார். பிறகு நாற்காலியை உன் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் சொன்னதை எல்லாம் நீ தலையைக் குனிந்தபடியே கேட்டாய். காதில் விழுந்ததோ என்னவோ என்று திரும்ப எழுதுகிறேன். ரத்தத்துக்கு அந்த ஸ்டென்ட் இன்னும் அந்நியப் பொருள்தான். வெறும் உலோகத்தைக் கண்டால் ரத்தம் அதன்மேல் உறையப் பார்க்கும். நாளாக ஆக, குழாயின் உள்தோல் கம்பிகளின்மேல் மெல்லப் படர்ந்து மூடிவிடும். அப்புறம் அது உன் உடம்போடு ஒன்றாகிவிடும். மருந்துப் பூச்சு தழும்பைத் தடுப்பதால் இந்தத் தோல் மூடுவதும் கொஞ்சம் மெதுவாகத்தான் நடக்கும். அதுவரைக்கும் காவல், அந்த இரண்டு மாத்திரைகள். நடுவில் நிறுத்தினால் ஸ்டென்ட்டுக்குள் திடீரென்று ரத்தம் உறைந்து அடைத்துவிடலாம், அது முதல் அடைப்பைவிட மோசம். எப்போது ஒன்றைக் குறைப்பது என்று அவர் சொல்வார், இன்னொன்று கூடவே இருக்கும். ஈறில் ரத்தம் வந்தால் மெத்தென்ற பிரஷ் வாங்கு. ரத்தம் நிற்காமல் வந்தாலோ, மலம் கருப்பாகப் போனாலோ உடனே போ. பல் பிடுங்குவதாக இருந்தாலும் அவரைக் கேட்காமல் மாத்திரையில் கைவைக்காதே.

அப்போதுதான் உன் கேள்வியை நான் கேட்டேன். "இது எத்தன வருஷம் தாங்கும் டாக்டரம்மா?" அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "உங்களுக்கே தெரியுமே சார். அது துருப்பிடிக்காது, தேயாது, நகராது. இத்தனை வருஷம் ஆனா மாத்தணும்னு கணக்கு கிடையாது. அவர் எவ்வளவு நாள் இருப்பாரோ அவ்வளவு நாள் அதுவும் இருக்கும். நான் வச்சது ஒரு இடத்தை மட்டும்தான் சரி பண்ணும். மத்த குழாய்ல கொழுப்பு சேராம பார்த்துக்கிறது அவர் கையிலதான் இருக்கு. கொலஸ்ட்ரால் மாத்திரை, நடை, பிரஷர். சிகரெட் பக்கமே போகக் கூடாது." நீ இருபது வருஷம் கழித்து எப்படி இருப்பாய் என்று சத்தியம் பண்ணித் தர அவராலும் முடியாது, என்னாலும் முடியாது. ஆனால் ஒழுங்காக மாத்திரை போட்டு ஒழுங்காக இருக்கிறவர்கள் வேலை பார்த்து, பிள்ளைகளைப் படிக்கவைத்து, பேரப்பிள்ளையோடு சண்டை போட்டுக்கொண்டு இருக்கிறார்கள். ஒருவன் உன் பக்கத்து நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தான்.

பிறகு அவர் குடும்பத்தில் யாருக்கெல்லாம் இருந்தது என்று கேட்டார். எனக்கு என்றேன். அதற்கு முன்னால் என் அப்பாவுக்கு. அவர் வெள்ளானூரில் பிறர் நிலத்தில் கூலி வேலை செய்தவர். வரப்பில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவருக்கு வாயுப்பிடிப்பு என்று சோடா வாங்கிக் கொடுத்தார்கள். பாட்டில் காலியாவதற்குள் அவர் போய்விட்டார். இதை நான் உன்னிடம் விவரமாகச் சொன்னதே இல்லை, அங்கே சொல்லும்போதுதான் நீ தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாய். டாக்டரம்மா, இது பரம்பரையாக வருகிற கொலஸ்ட்ராலாக இருக்கலாம், பாப்பாவுக்கும் ஒரு ரத்தப் பரிசோதனை பண்ணிப் பார்த்துவிடலாம் என்றார். உன் முகம் மாறிப்போனது. எனக்குத் தெரியும் அது என்னவென்று. அந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து நான் அதைத்தான் சுமந்துகொண்டிருக்கிறேன். உனக்கு உயரம் என்னுடையது, குரல் என்னுடையது, நெஞ்சும் என்னுடையதாகப் போய்விட்டதே என்று. ஆனால் பார், என் அப்பாவுக்குக் கிடைத்தது ஒரு சோடா. எனக்குக் கிடைத்தது ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு ஸ்டென்ட். உனக்கு, அடைத்த கொஞ்ச நேரத்துக்குள் திறந்துவிட்டார்கள். பாப்பாவுக்கு ஒன்றும் வருவதற்கு முன்னாலேயே தெரிந்துவிடும். அவள் நம் எல்லோரையும்விட நன்றாக இருப்பாள்.

திரும்பி ஆட்டோவில் வந்தோம். பாரிவாக்கம் ரோட்டில் திரும்பியபிறகு, வெளியே பார்த்தபடியே கேட்டாய். "பாப்பாவ தூக்கலாம்னு சொன்னாங்க நைனா, தூக்கட்டா?" எனக்கு அது தெரியவே தெரியாது. நான் வெளியே மருந்து வாங்கப் போனபோது நீ அவரிடம் கேட்டிருக்கிறாய். "தூக்கலாம்னு சொன்னா தூக்க வேண்டியதுதான" என்றேன். வீடு வரும்வரை நானும் ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

வீட்டில் யாழினி வழக்கம்போல ஓடிவந்தாள், வழக்கம்போல உனக்கு ஒரு அடி முன்னால் நின்றுவிட்டாள். ஒரு மாதமாக நாங்கள் எல்லோரும் அவளை அப்படித்தான் பழக்கி வைத்திருக்கிறோம், அப்பாமேல ஏறாதே, அப்பாவுக்கு வலிக்கும் என்று. நீ குனிந்தாய். அவள் பின்னுக்குப் போனாள். "வலிக்கும்பா" என்றாள். "வலிக்காதுடி, வா" என்று நீ தூக்கிவிட்டாய். அவள் உன் கழுத்தைக் கட்டிக்கொள்ளாமல், கைகளை அந்தரத்தில் வைத்துக்கொண்டு, உன் முகத்தையே உற்றுப் பார்த்தாள், எங்கேயாவது வலிக்கிறதா என்று. வலி தெரியவில்லை போலிருக்கிறது. அப்புறம்தான் கட்டிக்கொண்டாள். சுமதி துணி எடுக்கப் போகிறேன் என்று மாடிக்கு ஓடினாள். உன் அம்மா என்னைப் பார்த்து, "நீ இன்னாத்துக்கு நின்னுகினு கீற, கை கால் கழுவிகினு வா" என்றாள்.

இனி உனக்கு நான் சொல்லவேண்டியது அதிகம் இல்லை. பயம் வரும். மார்பில் எங்கே சுருக்கென்றாலும் அதுதானோ என்று தோன்றும். எனக்கு ரொம்ப நாள் தோன்றியது. அந்த மாதிரி நேரத்தில் போனைத் திறந்து படிக்காதே. என்னிடம் வா, இல்லை சுமதியிடம் சொல். வலி விடாமல் நீடித்து, வேர்வையும் சேர்ந்தால் யாரிடமும் அனுமதி கேட்காமல் ஆஸ்பத்திரிக்குப் போ. வீரம் காட்டாதே. கிரிக்கெட்டை விட்டுவிடச் சொல்லமாட்டேன், டாக்டரம்மா எப்போது சொல்கிறாரோ அப்போது ஆடு, பந்தை மட்டும் கொஞ்சம் மெதுவாகப் போடு. சுமதியிடம் கோபமாக இருக்கிற நாளிலும் பேசாமல் மட்டும் இருக்காதே. நான் பேசாமல் இருந்த மாதங்களில் உன் அம்மாவுக்கு எப்படி இருந்தது என்று இந்த ஒரு மாதம் சுமதியைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது.

திங்கட்கிழமை நீ வேலைக்குப் போகிறாய். கம்பெனி பஸ்ஸிலேயே அம்பத்தூர்வரை போய்விடலாம், பைக் இப்போதைக்கு வேண்டாம். கூட வந்து இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் வாசல்வரை விட்டுவிட்டு வரலாம் என்று நினைத்தேன், உன் அம்மாவிடம் சொல்லியும் விட்டேன். அவள், "அவன இன்னா ஒன்னாங்கிளாஸ்ல சேக்கப் போறியா?" என்றாள். அவள் சொல்வதும் சரிதான். நான் வரமாட்டேன். பஸ் நிறுத்தத்துக்கும் வரமாட்டேன். வேலை நேரத்தில் போன் பண்ணி மாத்திரை போட்டாயா என்று கேட்கமாட்டேன். நீ அங்கே போய்ச் சேர்ந்ததும் எனக்கு ஒரு மிஸ்டு கால் மட்டும் கொடு. நான் எடுத்துப் பேசமாட்டேன். மணி அடித்தால் போதும்.

உன்
நைனா